எதிர்க்கடைக்காரி

ஐந்தருவி ரோட்டில் குறிஞ்சி மெஸ்ஸின் சட்டர் கடைசித் தடவையாக இறங்கியதை, எதிர்ச்சாரியில் சங்கரி மெஸ் வாசலில் இடுப்பில் கை வைத்து நின்று, ஆற அமரப் பார்த்தாள் சங்கரேஸ்வரி. சட்டர் பாதியில் சிக்கிக்கொண்டது. துருப்பிடித்த சட்டர். ஆனந்தவள்ளி எண்ணெய் விட்டு, செங்கல்லால் தட்டி, எக்கி எக்கி இழுத்தாள். ஒத்தாசைக்கு ஒரு ஆள் இல்லை. தன் கடை அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை சங்கரேஸ்வரிக்கு வரத்தான் செய்தது. இன்றைக்கு ஒரு நாள் பிடித்துத் தொலையட்டும் என்று நின்றுவிட்டாள்.

கல்லாவில் இருந்த அவள் புருஷன் குற்றாலீஸ்வரனுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு மெதுவாகக் கூப்பிட்டார்.

"ஏளா, போதும். உள்ள வா. பாக்குதவங்க என்ன நெனைப்பாங்க?"

"நெனைக்கட்டும். அன்னைக்கு நான் நின்ன நிலையைப் பாத்தவங்கள்லாம் என்னத்த நெனைச்சாங்க? ஒருத்தராவது ஏன்னு கேட்டாங்களா? நீங்க கேட்டியளா?"

குற்றாலீஸ்வரன் செய்தித்தாளுக்குள் போய்விட்டார். அன்னைக்கு என்கிற சொல் வந்தால் அவர் எப்போதும் அதற்குள்தான் போவார்.

அந்த அன்னைக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். குறிஞ்சி மெஸ் மாமனார் தொடங்கிய கடை. அவருக்குப் பிறகு மூத்தவர் சுந்தரபாண்டியனும் அவர் மனைவி ஆனந்தவள்ளியும் நடத்தினார்கள். பேர்தான் அண்ணாச்சி கடை. அடுப்படியில் ஆனந்தவள்ளி வைத்ததுதான் சட்டம். இளையவர் குற்றாலீஸ்வரன் இலை எடுப்பார், அவர் மனைவி சங்கரேஸ்வரி வெங்காயம் உரிப்பாள், தேங்காய் துருவுவாள். கரண்டியைத் தொட விடமாட்டாள் ஆனந்தவள்ளி. ஒரு சீசனில், நல்ல கூட்டமான ஞாயிற்றுக்கிழமை பார்த்து அவளுக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டாள். வேறு வழியில்லாமல் அன்றைக்கு நாட்டுக்கோழிக் குழம்பு வைத்தது சங்கரேஸ்வரி. தேங்காயை வறுத்து, மிளகு தூக்கலாகப் போட்டு, தன் அம்மா வீட்டுப் பக்குவத்தில் இறக்கினாள். ராஜபாளையத்திலிருந்து வருஷா வருஷம் வருகிற ஒரு பெரியவர் இரண்டாவது தடவை சோறு வாங்கிக்கொண்டு, "இன்னைக்குக் கை மாறியிருக்கு போல. இந்தக் கடையில இப்படி ஒரு குழம்பை நான் தின்னதே இல்லை" என்று சத்தமாகச் சொன்னார்.

அது உள்ளே படுத்திருந்தவள் காதில் விழுந்தது. போர்வையோடு எழுந்து வந்தாள். குழம்பில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். "கெட்டுப்போச்சு" என்றாள். அவ்வளவுதான். துணியைச் சுற்றிச் சட்டியைத் தூக்கி வாசலுக்குக் கொண்டுபோய், சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் முன்னால் சாக்கடையில் கவிழ்த்தாள். ஆவி பறக்கக் குழம்பு சாக்கடையில் ஓடியது. காய்ச்சலில் நடுங்குகிற கையால் அதைச் செய்தாளே, அந்தத் திமிரைத்தான் சங்கரேஸ்வரியால் மறக்க முடியவில்லை.

ஆனந்தவள்ளிக்குப் பிறந்த ஊர் செங்கோட்டையைத் தாண்டிப் புளியரைப் பக்கம். ஒரு பதார்த்தம் நன்றாக இருந்தால் கீழுதட்டை லேசாகப் பிதுக்கி, அந்தப் பக்கத்து மலையாள வழக்கப்படி "கொள்ளாம்" என்பாள். பரோட்டா மாஸ்டருக்குச் சொல்லியிருக்கிறாள். தண்ணீர் எடுத்து ஊற்றுகிற மாடத்தி வைத்த ரசத்துக்குக்கூட ஒருமுறை சொல்லியிருக்கிறாள். சங்கரேஸ்வரிக்கு மட்டும் அந்தச் சொல் வந்ததே கிடையாது.

அன்று சாயங்காலமே குற்றாலீஸ்வரனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு சங்கரேஸ்வரி அந்தக் கடையை விட்டு வெளியேறினாள். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், பஞ்சர் ஒட்டுகிற கடை காலியாக இருந்த இடத்தைப் பிடித்தாள். அன்றைக்கே ஒரு சபதமும் போட்டாள்: அவள் கடைச் சட்டர் நிரந்தரமாக இறங்குகிற வரைக்கும் அருவியில் தலை கொடுப்பதில்லை. ஊர் ஊராக வேன் பிடித்து வந்து ஜனங்கள் குளித்துவிட்டுப் போகிற அருவி. அவளோ அத்தனை வருஷமும் கொல்லைக் குழாயடியில் பக்கெட்டில் மோந்து ஊற்றிக்கொண்டாள். சாரல் காற்றில் அருவிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பல்லைக் கடிப்பாள்.

அந்தக் கடியில்தான் கடை வளர்ந்தது. எதிர்க்கடையில் விளக்கு எரிவதற்கு முன்னால் இவள் அடுப்பு எரிய வேண்டும். அங்கே இரண்டு கூட்டு வைத்தால் இங்கே மூன்று. அங்கே ரசத்தில் புளி ஏறினால் மூக்காலேயே கண்டுபிடித்து, இங்கே தக்காளியைக் கூட்டுவாள். குற்றாலத்தில் வேன் டிரைவர் எந்தக் கடையில் நிறுத்துகிறானோ அந்தக் கடையில்தான் வேன் மொத்தமும் சாப்பிடும். ஆனந்தவள்ளி டிரைவர்களைக் கொல்லைப்புற பெஞ்சில் உட்கார வைத்து மிச்சம் மீதியைப் போட்டுக்கொண்டிருந்தாள். சங்கரேஸ்வரி அவர்களை மின்விசிறிக்குக் கீழே, முன்மேஜையில் உட்கார வைத்தாள். எவனுக்கு ஈரல் பிடிக்கும், எவன் பெண்டாட்டி பிள்ளையாண்டிருக்கிறாள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஒவ்வொரு வேனாக ரோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தது. சுந்தரபாண்டியன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். இந்த வைகாசியில், சீசன் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், ஆனந்தவள்ளியின் பரோட்டா மாஸ்டர் மசூது தன் தோசைத் திருப்பியையும் துண்டையும் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டைத் தாண்டினான். அதோடு தீர்ந்தது. போலீஸில் இருக்கிற மகன், கடையைப் பூட்டிவிட்டு மேலகரம் வீட்டுக்கு வந்துவிடும்படி அம்மாவிடம் சொல்லிவிட்டான்.

சட்டரைப் பூட்டிவிட்டு ஆனந்தவள்ளி ஆட்டோவில் ஏறும்போது எதிரே ஒரு பார்வை பார்த்தாள். சங்கரேஸ்வரி அவள் பக்கமாகக் காறித் துப்பிவிட்டு உள்ளே வந்தாள்.

"மசூது, இன்னைக்கு எல்லாத்துக்கும் கேசரி போடு. நெய் தாராளமா விடு" என்றாள்.

ஆனி பிறந்தது. செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று இறங்கி, மலையில் மஞ்சு கட்டி, சாரல் விழுந்தது. அருவியில் தண்ணீர் வந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் சொன்ன மறுநாளே ரோடு முழுக்க வேன்களும் ஈரத்துண்டும் எண்ணெய் வாடையும்.

"ஏளா, தண்ணி நல்லா விழுது. நீ நெனைச்சது நடந்தாச்சு. போயி ஆசை தீரக் குளிச்சிட்டு வா" என்றார் குற்றாலீஸ்வரன்.

மசூதுக்கு முன்பே ரோட்டைத் தாண்டி இவளிடம் வந்துவிட்ட மாடத்தியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பொம்பளைகள் பக்கம் கூட்டம் நெரிந்தது. மதுரைக்காரிகளும் சிவகாசிக்காரிகளும் கூச்சல் போட்டுக்கொண்டு ஒருத்தியை ஒருத்தி தள்ளினார்கள். சங்கரேஸ்வரி கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் கொடுத்தாள். தண்ணீர் மண்டையில் விழுந்தது, தோளில் விழுந்தது, முதுகில் அறைந்தது. கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சட்டியை நினைத்தாள். சாக்கடையில் ஓடிய குழம்பை நினைத்தாள். ஏதோ ஒன்று வரும், அழுகையாவது வரும் என்று காத்தாள். குளிர்தான் வந்தது.

"எப்படி இருக்கு தாயி?" என்று பக்கத்திலிருந்து கத்தினாள் மாடத்தி.

"தண்ணியாத்தான் இருக்கு" என்றாள் சங்கரேஸ்வரி. வெளியே வந்து தலையைத் துவட்டும்போது மறுபடியும் சொன்னாள், "இதுக்காகவாட்டி இத்தனை வருசம் குழாயடியில கெடந்தேன்?"

மறுநாள் அவள் விடியக்காலையில் எழுந்திருக்கவில்லை. குற்றாலீஸ்வரன் எழுப்பினார். "எழும்புதேன்" என்றாள், திரும்பிப் படுத்தாள். எதிரே எரிவதற்கு விளக்கு இல்லை. யாருக்கு முந்திக்கொண்டு எழுந்திருப்பது? எழுந்து வந்தும் அடுப்பங்கரை ஜன்னல் வழியாக அந்தச் சட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ அதில் மங்குஸ்தான் பழத்து விளம்பரத்தை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மூன்று கூட்டு இரண்டாகி, பிறகு ஒன்றானது. வறுத்தரைத்த மசாலாவுக்குப் பதிலாகப் பாக்கெட் மசாலா வந்தது. மசூது முதலில் பொறுத்துப் பார்த்தான். அப்புறம் கேட்டேவிட்டான்.

"யக்கா, நான் அந்தக் கடையை விட்டுட்டு வந்தது இதுக்கா? அந்தம்மா கண்டபடி ஏசும், கரண்டியத் தூக்கி எறியும். ஆனா அடுப்புகிட்ட நின்னா ஒரு வேகம் இருக்கும். இங்கன எழவு வீடு மாரில்லா இருக்கு."

"புடிக்கலன்னா போ. வாசல் தொறந்துதான கெடக்கு."

"போகத்தான் போறேன். ஆடி பொறக்கட்டும், தென்காசியில கூப்பிடுதாங்க."

முன்பெல்லாம் ஒரு மாஸ்டர் இப்படிப் பேசியிருந்தால் கரண்டியின் சூடு அவன் முதுகில் இருந்திருக்கும். இவள் ஜன்னலுக்குத் திரும்பிக்கொண்டாள்.

டிரைவர்களுக்கு நாக்கு நீளம். பேச்சுக்கு மட்டும் இல்லை, ருசிக்கும். இரண்டு வேளை மட்டமாகச் சாப்பிட்டார்கள், மூன்றாம் வேளை வேறு கடை வாசலில் வேனை நிறுத்தினார்கள். தென்காசி ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் ஆட்களைக் கொண்டுவந்து விடுகிற முகம்மது சலீம் மட்டும் பழக்கத்துக்காக வந்துகொண்டிருந்தார். அவரும் ஒரு நாள் இலையில் பாதியை வைத்துவிட்டு எழுந்தார்.

"தங்கச்சி, தப்பா நெனைக்காத. ஒடம்புக்கு ஏதும் சரியில்லையா?"

"ஒடம்புக்கென்ன பாய், கல்லு மாரி இருக்கு."

"பொறவு என்ன? குழம்புல உசிரே இல்லையே."

பாய் போன பிறகு குற்றாலீஸ்வரன் கல்லாவை விட்டு எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். ஊரே கூடுகிற சீசனில் அவர் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். இந்த மூன்று மாசம் ஓடினால்தான் மற்ற ஒன்பது மாசமும் குடும்பம் மூச்சு விடும். குற்றாலத்தில் கடை வைத்திருக்கிற எல்லோருக்கும் இதுதான் கணக்கு.

"ஏளா, முடியலன்னா சொல்லு. சீசன் முடியதுக்குள்ள கடையை யாருக்காச்சும் விட்டுருவோம். எங்கயாச்சும் வேலைக்குப் போயிப் பொழைச்சுக்கிடலாம்."

"விட்டுருங்க."

அவர் பயந்துவிட்டார். சண்டை போடுவாள் என்று நினைத்துத்தான் அவர் அப்படிச் சொன்னது.

"என்னளா இப்படிச் சொல்லுதே? நீ கட்டுன கடைளா இது."

"எதுக்குக் கட்டுனேன்? அவளை எறக்கத்தான கட்டுனேன். எறக்கியாச்சு. இனி இந்தச் சவத்தை வச்சிக்கிட்டு என்ன செய்ய?"

அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை அவளுக்கே கொஞ்சம் ரோஷம் வந்தது. ஒரு நாளாவது கடையை நிமிர்த்திக் காட்டுவோம் என்று விடிவதற்கு முன்பே எழுந்து, இருக்கிற சட்டிகளில் பெரிய சட்டியை ஏற்றினாள். எவ்வளவு வைப்பது என்கிற கேள்வி வந்தபோதுதான் அவளுக்குத் திக்கென்றது. இத்தனை வருஷமும் அவள் அளவை அவளாகப் போட்டதே இல்லை. எதிரே குறிஞ்சி மெஸ் வாசலில் எத்தனை கோழி இறங்குகிறது என்று பார்ப்பாள். அதைவிட ஒரு பங்கு கூட வைப்பாள். அது என்றைக்கும் தப்பியதில்லை. இன்று எதிரே பார்த்தால் மங்குஸ்தான் விளம்பரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதானே, சட்டி நிறைய வைப்போம் என்று வைத்துவிட்டாள். மலை முழுசும் கறுத்து மூடியிருந்ததை அவள் பார்க்கவில்லை. மலையைப் பார்த்து அவளுக்குப் பழக்கமும் இல்லை.

காலை முற்றுவதற்குள் அருவியில் செந்தண்ணீர் கொட்டியது. போலீஸ்காரர்கள் கயிற்றைக் கட்டி, விசிலடித்து ஜனங்களை விரட்டினார்கள். குளிக்க விடமாட்டார்கள் என்று தெரிந்ததும் வந்த வேன் எல்லாம் சாரலோடு சாரலாகத் திரும்பிப் போயிற்று. மத்தியானம் மேஜைகளில் ஆள் இல்லை. சட்டி அப்படியே இருந்தது. சாயங்காலம் வரைக்கும் சூடு பண்ணிப் பண்ணிப் பார்த்தாள். பொழுது சாய்கிற நேரம் குழம்பு ஒரு மாதிரி நுரைத்து, புளித்த வாடை அடித்தது.

"கொண்டு போயிக் கொட்டிரட்டுமா தாயி?" என்று மாடத்தி சட்டியைத் தொட்டாள்.

"எடு கையை. நானே போறேன்."

துணியைச் சுற்றித் தூக்கினாள். வாசலுக்குக் கொண்டுபோனாள். சாக்கடை ஓரத்தில் குனிந்து கவிழ்த்தாள். குழம்பு ஓடியது. எதிரே மூடிக் கிடக்கிற சட்டரைப் பார்த்தபடி வெறும் சட்டியோடு நின்றாள். அந்தச் சட்டர் சிரிக்கிற மாதிரி இருந்தது. வாய்விட்டு அழுதாள். கடைத்தெருவே பார்க்க, மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதாள்.

அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"நாளைக்கு மேலகரத்துக்குப் போறேன்" என்றாள்.

குற்றாலீஸ்வரன் செய்தித்தாளைக் கீழே வைத்தார். "அங்கன எதுக்குளா?"

"எப்படிக் கெடக்கான்னு பாக்கணும். ஒழிஞ்சுபோயி, ஒடுங்கிப்போயி, ஒரு மூலையில கெடப்பாள்லா. அந்தக் கோலத்தை இந்தக் கண்ணால பாத்தாத்தான் எனக்கு ஆறும். சட்டரைப் பாத்தது பத்தல."

காலையில் குழம்பு வைத்தாள். கொஞ்சமாக, ஒரு தூக்குவாளிக்கு மட்டும். தேங்காயை அவளே துருவி, அவளே வறுத்து, மாடத்தியைக் கூடக் கிட்டே விடாமல் அம்மியில் அரைத்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அடுப்பங்கரையில் அந்த வாசனை வந்தது. மசூது பரோட்டா மாவைப் பிசைவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

சலீம் பாய் ஆட்டோவில் மேலகரம் போய் இறங்கினாள். ஆனந்தவள்ளி முன்னறையில், பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு, தொலைக்காட்சியில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒடுங்கிப் போயிருப்பாள் என்று நினைத்து வந்தால் கன்னம் உப்பியிருந்தது. தலைக்குச் சாயம் அடித்திருந்தாள். புகையில் எப்போதும் சிவந்து கிடக்கிற கண் இப்போது வெள்ளையாக இருந்தது.

"வாட்டி. ஓட்டுக் கேக்க வந்தவ மாரி வாசல்லயே நிக்கே? உள்ள வா" என்றாள் ஆனந்தவள்ளி.

"பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்க்கா."

"எப்படிக் கெடக்கேன்னு பாக்க வந்தியாக்கும்? பாரு. நல்லாப் பாரு. வெயிலு மூஞ்சில அடிக்குத வரைக்கும் ஒறங்குதேன். மருமவ காப்பி கொண்டாந்து எழுப்புதா. முட்டுவலி இருந்த எடம் தெரியல. மத்தியானம் படுத்து ஒறங்குறதுன்னா என்னன்னே எனக்கு இப்பத்தான் தெரியும். எல்லாம் நீ செஞ்ச புண்ணியம்ட்டி. கையெடுத்துக் கும்பிடணும் உன்னை."

நிஜமாகவே கையெடுத்துக் கும்பிட்டாள். சங்கரேஸ்வரிக்கு அடிவயிற்றிலிருந்து எரிந்துகொண்டு வந்தது. இவளைச் சாய்ப்பதற்கென்று ராத்தூக்கத்தைத் தொலைத்து, கொல்லைக் குழாயடியில் குளித்து, கை கால் வெந்து செத்ததெல்லாம் இவளை நாற்காலியில் உட்கார்த்தி வைக்கத்தானா?

தூக்கை எடுத்து முன்னால் வைத்தாள்.

"என்னது?"

"கோழிக் குழம்பு. அன்னைக்கு வச்ச அதே பக்குவம். விரலை நக்கிட்டு ஊத்துனியள்லா, இன்னைக்கு ஒழுங்கா சோத்துல போட்டுத் தின்னுட்டுச் சொல்லுங்க."

ஆனந்தவள்ளி மருமகளைக் கூப்பிட்டுத் தட்டில் சோறு போடச் சொன்னாள். தூக்கைத் திறந்து குழம்பை ஊற்றிப் பிசைந்தாள். தொலைக்காட்சியில் எவளோ அழுதுகொண்டிருந்தாள். ஆனந்தவள்ளி பேசாமல் சாப்பிட்டாள். எலும்பை உறிஞ்சினாள். இரண்டாவது தடவை சோறு வாங்கினாள். தூக்கைத் தன் பக்கம் இழுத்து, விரலால் வழித்து வழித்துத் தின்றாள். சங்கரேஸ்வரி அவள் கீழுதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது பிதுங்குமா, பிதுங்குமா என்று பார்த்துக் கண் வலித்தது.

கையைக் கழுவிவிட்டு வந்து முந்தானையில் துடைத்தபடி ஆனந்தவள்ளி சொன்னாள், "அன்னைக்கு நான் சாக்கடையில ஊத்தினது சரிதாம்ட்டி."

"என்னது?"

"தேங்காயைக் கருக விட்டிருக்கே. மொளகு முந்திக்கிட்டு நிக்கி. உனக்குக் கை வரவே இல்லை."

"பொய்யி! வாய் கூசாமப் பொய் சொல்லுதிய!"

"கத்தாத. நேத்து நீயே ஊத்துனியாமே, சலீம் போன்ல சொன்னான். மலை முழுசா மூடினா அருவியில ஆளை விடமாட்டான், ஒலையைக் கொறைக்கணும்னு உனக்குத் தெரியாதா? பாதி மூடியிருந்தாச் சாரல், கூட்டம் நெரியும், ஒலையக் கூட்டணும். இது எப்படித் தெரியும் உனக்கு? நீ எங்க மலையப் பாத்தே? என் வாசல்ல எறங்குற கோழியத்தான பாத்தே."

சங்கரேஸ்வரி காலித் தூக்கை எடுத்து மூடினாள்.

ஆனந்தவள்ளி நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தாள். குரல் தணிந்துவிட்டது.

"ஒண்ணு கேட்டுக்கோ. நீ என் கடையை மூடினே. அதை நான் மறந்துட்டேன்னு நெனைக்காத. சாவுற வரைக்கும் மறக்கமாட்டேன். உன் கடையை மூட எனக்கு வேனும் வேண்டாம், மாஸ்டரும் வேண்டாம். ஒத்தச் சொல்லு போதும். கொள்ளாம்னு நான் சொன்னேன்னு வையி, மறுநாள் நீ படுத்துருவே. பொறவு எழும்பவே மாட்டே. எப்பம் சொல்லணும்னு எனக்குத் தெரியும். இப்பம் போயிட்டு வா, நாடகம் ஓடுது."

ஆட்டோவில் திரும்பும்போது காலியான தூக்கு மடியில் கிடந்தது. திறந்து பார்த்தாள். ஒரு கறிவேப்பிலை மிச்சம் இல்லை. கழுவி வைத்த மாதிரி பளபளவென்று இருந்தது.

"பாத்தீரா பாய்! ஒரு பொட்டு விடாம நக்கித் தின்னுட்டு என்ன பேச்சுப் பேசுதா பாத்தீரா! கை வரலையாம்லா கை!"

"விடு தங்கச்சி. வயசானவங்க."

"என்ன வயசானவங்க? அவ நெஞ்சுல இருக்கிற வெசத்துக்கு வயசாயிட்டா? நாளைக்கும் இந்தப் பக்கம் வருவீருல்லா? ஒரு தூக்குத் தாரேன். குடுத்துட்டு, அவ என்ன சொல்லுதான்னு கேட்டுட்டு வாரும். ஒரு எழுத்துக் கொறையக் கூடாது, சொன்னதை அப்படியே சொல்லணும்."

மறுநாள் குற்றாலீஸ்வரன் விழித்துப் பார்த்தபோது பக்கத்தில் அவள் இல்லை. அடுப்பங்கரையில் விளக்கு எரிந்தது, அம்மி ஓடுகிற சத்தம் கேட்டது. "ஏ மூதி, ஒறங்குதியா வேலை பாக்குதியா?" என்று மசூதுக்கு ஏச்சு விழுந்துகொண்டிருந்தது. மசூதின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. தென்காசிப் பேச்சை அவன் அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

தினமும் ஒரு தூக்கு மேலகரம் போனது. சாயங்காலம் சலீம் பாய் காலித் தூக்கோடு பதிலையும் கொண்டுவந்தார். உப்புக் கம்மி. மறுநாள் புளி ஜாஸ்தி. அதற்கு மறுநாள், இதைச் சாம்பார்னு சொல்லுதவ செருப்பால அடிபடணும். பாய் இதைச் சொல்லும்போது மட்டும் பார்வையைத் தரையில் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு ஏச்சுக்கும் சங்கரேஸ்வரி குதிகுதியென்று குதித்தாள். "அந்த நாக்கு அழுகிப் போக" என்று சபித்தாள். மறுநாள் இன்னும் கொஞ்சம் முன்னால் எழுந்தாள். ஒவ்வொரு நாளும் தூக்கு வழித்துத் துடைத்துத்தான் திரும்பி வந்தது. மூன்று கூட்டும் திரும்ப வந்தன, நான்காவதும் சேர்ந்தது. பாக்கெட் மசாலாவை மாடத்தி குப்பையில் எறிந்தாள். டிரைவர்கள் ஒவ்வொருத்தராக அசட்டுச் சிரிப்போடு வந்து முன்மேஜையில் உட்கார்ந்தார்கள். உலை வைக்கிறதுக்கு முன்னால் வாசலுக்கு வந்து, எதிர்ச்சட்டருக்கு மேலே தலையைத் தூக்கி மலையைப் பார்க்கிற பழக்கமும் அவளுக்கு வந்துவிட்டது. அதை யாரிடம் கற்றாள் என்று கேட்டால் கேட்டவனுக்கு அடி விழும்.

"ஒரு நாளைக்கு அருவிக்குப் போயிட்டு வாயேன்ளா. ஆடிச் சாரல் அருமையா இருக்கு" என்றார் குற்றாலீஸ்வரன்.

"போறேன். அவ வாயில இருந்து அந்தச் சொல்லைப் புடுங்கிட்டுப் போறேன்."

அவர் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார், "சொல்லிட்டான்னா? அன்னைக்கு மாரி மறுபடியும் படுத்துருவியா?"

குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்த சங்கரேஸ்வரியின் கை நின்றது. அந்தப் பயம் அவளுக்கும் ராப்பகலாக இருந்தது.

ஆடி பாதி கழிந்த ஒரு சாயங்காலம் கடையில் நல்ல கூட்டம். சலீம் பாய் ஆட்டோவை நிறுத்திவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். முகமெல்லாம் பல்.

"தங்கச்சி! சொல்லிட்டாங்க! இன்னைக்குச் சொல்லிட்டாங்க!"

மசூது பரோட்டா அடிப்பதை நிறுத்தினான். குற்றாலீஸ்வரன் கல்லாவை விட்டு எழுந்து நின்றார்.

"என்ன சொன்னா?" என்றாள் சங்கரேஸ்வரி.

"கொள்ளாம்னாங்க. வாசல்ல நின்னவாக்குலயே, நல்லாத் தெளிவா, அவகிட்டப் போயிச் சொல்லு, கொள்ளாம்னு சொன்னாங்க."

சங்கரேஸ்வரி அடுப்புத் திண்டைப் பிடித்துக்கொண்டாள். அருவியில் தலை கொடுத்த அன்றைக்கு வந்த அதே குளிர் முதுகில் ஏறியது. இனி நாளைக்கு எதற்கு எழுந்திருப்பது? சொன்னபடியே செய்துவிட்டாள் பாவி. சீசன் நடு மத்தியில், கடை நிறைய ஆள் இருக்கிற நாளாகப் பார்த்துச் சொல்லிவிட்டாள்.

பாய் தூக்கை நீட்டினார். கை நீட்டி வாங்கியவள் திடுக்கிட்டாள். தூக்கு கனத்தது.

மூடியைத் திறந்தாள். குழம்பு காலையில் ஊற்றிய மட்டத்தில் அப்படியே இருந்தது. மேலே எண்ணெய் படலம் கலையாமல் கிடந்தது. ஒரு விரல் பட்ட தடம்கூட இல்லை.

"இது என்ன பாய்?"

"அது வந்து... உள்ளயே வாங்கல தங்கச்சி. தொறந்தும் பாக்கல. சொல்லை மட்டும் சொல்லிட்டு, கொண்டு போன்னுட்டாங்க."

அவள் தூக்கை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். மாடத்தி தாங்கிக்கொள்வதற்குத் தயாராகப் பின்னால் வந்து நின்றுகொண்டாள். குற்றாலீஸ்வரன் குலதெய்வத்தைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

"திங்காம!" என்று கத்தினாள் சங்கரேஸ்வரி. முன்மேஜையில் இருந்த டிரைவர் ஒருத்தன் தண்ணீரைச் சிந்திவிட்டான். "திங்காமக் கொள்ளாம்னு சொல்லுதாளா! நாய்க்குப் போடுத மாரி ஒரு சொல்லை எடுத்து எறிஞ்சா நான் பொறுக்கிக்கிட்டுப் போயிப் படுத்துருவேன்னு நெனைச்சாளா! ஒத்தச் சொல்லுல தப்பிச்சுக்கிடலாம்னு பாக்குதா, கள்ளி! விடுவேனா நான்?"

குழம்பை அடுப்பில் வைத்துச் சூடு பண்ணினாள். ஒரு கொதி வந்ததும் அதே தூக்கில் ஊற்றி, மூடியைக் குத்தி இறுக்கி, சலீம் பாய் கையில் திணித்தாள்.

"திரும்பப் போம். சோத்துல ஊத்தித் திங்கச் சொல்லும். தின்னு முடிக்குத வரைக்கும் அங்கனயே நின்னு பாரும். பொறவு அவ என்ன சொல்லுதாளோ அதை வந்து சொல்லும்."

"இன்னைக்கேவா? சவாரி இருக்கு தங்கச்சி..."

"போம்ன்னா போம் பாய்!"

ஆட்டோ கிளம்பிப் போயிற்று. சங்கரேஸ்வரி வாசலுக்கு வந்து மூக்கைச் சிந்தி எறிந்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள். மலை பாதி மூடியிருந்தது.

"மாடத்தி, நாளைக்குப் பரண்ல இருந்து பெரிய சட்டியை எறக்கு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள்.